மூன்று பள்ளத்தாக்குகளின் பிரபு

நார்பர்ட் வென்ட் அமெரிக்காவின் விஸ்கான்சினில் முப்பது வருடம் நிலம் அளந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிறு மதியங்களில் அவர் வீட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர் பகடை உருட்டி, கற்பனை நாடு ஒன்றில் பிரபுக்களாக வாழ்ந்தார்கள். விதிகளை எழுதுபவர் நார்பர்ட்தான்.

அவர்களில் ஜீன் ஹால்வர்சன் சாமர்த்தியமாக ஆடி மூன்று பள்ளத்தாக்குகளைச் சேர்த்துவிட்டார். நிலத்துக்கு ஏற்ப வாக்கு என்பதால் பிரபுக்களின் சபையில் அவர் சொன்னதே நடந்தது.

"அவர் கைதூக்கினா முடிஞ்சுது. நாங்கல்லாம் சீஸ் தின்னத்தானே வர்றோம்?" என்றாள் கூட ஆடும் ஆர்லீன்.

நார்பர்ட் சமன் செய்ய ஒரு விதி எழுதினார்: இலையுதிர்கால அறுவடை ஆட்டத்தன்று நேரில் வந்து ஆட்டத்தின் ராஜாவுக்குச் சத்தியம் செய்யாதவரின் நிலம் ராஜாவுக்கு. பட்டம் மட்டும் மிஞ்சும்.

அறுவடை ஆட்டத்து ஞாயிறு காலை, மனைவியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஜீன் தொலைபேசியில் அழைத்தார்.

"நார்ப், மார்லிஸுக்கு பக்கவாதம். வலது பக்கம் அசையல. எனக்குப் பதிலா நீயே சத்தியம் பண்ணிடுப்பா."

"நேர்ல வரணும்னு இருக்கே, ஜீன்."

"நீ எழுதினதுதானே?"

இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் நார்பர்ட் காத்திருந்தார். அன்றே பள்ளத்தாக்குகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆட்டம் தராசுபோல் நின்றது. குளிர்காலம் முழுக்க அதில் அவருக்குப் பெருமை.

வசந்தத்தில் ஜீன் ஒரே ஒரு முறை வந்தார். பட்டம் இருந்தது, வாக்கு இல்லை. மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

நார்பர்ட் ஆட்டத்தின் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ஜீன் வீட்டுக்குப் போனார். ஜீன் மனைவிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"விதியை அடிச்சுட்டேன். மூணும் உனக்குத்தான்."

"ஆர்லீன் அங்க பாலம் கட்டிட்டாளாமே. யார்கிட்ட இருந்து பிடுங்கிக் குடுப்ப?"

"பேசிக்கலாம்."

"வேணாம் நார்ப். ஆஸ்பத்திரில இவ பக்கத்துல உக்காந்து நாலு வாரம் என் பள்ளத்தாக்கு ஆத்துல ஆலை கட்டிட்டிருந்தேன், மனசுக்குள்ள. எனக்குப் போக வேற இடமில்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த நிலம் முதல் ஞாயித்துக்கிழமையே என்னோடது இல்லன்னு."

மார்லிஸ் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்தாள்.

"அந்தப் பக்கம் பிடி. கையை இழுக்காத, தோள் நழுவிடும். இடுப்புல பிடி."

நார்பர்ட் வரைபடத்தைத் தரையில் போட்டுவிட்டுக் குனிந்து பிடித்தார்.