இல்லாத காய்ச்சலுக்கு வந்த வைத்தியம்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை தொடங்கியிருந்த நாட்கள். நாங்கள் முள்ளியவளையில் இருக்கிறோம். மூத்த மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஒருநாள் பாடசாலையிலிருந்து கடிதம் ஒன்று கொண்டுவந்தாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போடப்போகிறார்களாம். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு தடுப்பூசியும் நான் தவறவிட்டதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கை ஓடவில்லை. அந்த வாரம்தான் வட்ஸ்அப்பில் யாரோ ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார்கள். இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை தங்காது என்று ஒரு பெண் அழாக்குறையாகச் சொல்கிறார். பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். உண்மையாக இருந்தால்? போதாததற்கு, அந்தப் புற்றுநோயைத் தரும் கிருமி உடலுறவால் பரவுவது என்றும் எங்கோ வாசித்துவிட்டேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதற்கு என்ன அவசரம்? கையெழுத்து வைத்தால் என் பிள்ளையைப் பற்றி நானே ஏதோ தப்பாகச் சொல்வதுபோல இருந்தது. கணவரிடம் கேட்டேன். "படிச்ச மனிசி நீதானே, நீயே யோசி" என்றுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

வேறு யாரிடமும் கேட்க வெட்கம். ஊசி போடும் நாளன்று காலை வகுப்பாசிரியைக்கு அழைத்து, "பிள்ளைக்குக் காய்ச்சல், மிஸ்" என்றேன். அவர் நம்ப வேண்டுமே என்று, "மேலெல்லாம் நோகுதாம்" என்றும் சேர்த்தேன்.

மழைக்காலத்தில் காய்ச்சலும் உடம்பு நோவும் என்றால் எல்லோரும் டெங்குவைத்தான் நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பாடசாலையில் ஊசி போட்டு முடித்த கையோடு, வகுப்பாசிரியை சொல்லக் கேட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், வீடு வீடாக வந்து தாய் சேய் நலம் பார்க்கும் எங்கள் பகுதி மருத்துவமாதும் நேரே வந்திருந்தார்கள். பரிசோதகர் கிணற்றடிக்குப் போய் டயர், சிரட்டை என்று தண்ணீர் தேங்கிய இடங்களில் டெங்கு நுளம்பின் குடம்பிப் புழுக்களைத் தேடத் தொடங்கினார். மருத்துவமாது, "எங்கை பிள்ளை? படுத்திருக்கிறாவோ?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொய்யா மரத்தின் உச்சியிலிருந்து, "அம்மா, ஆர் வந்திருக்கினம்?" என்று மகளின் குரல்.

மருத்துவமாது அண்ணாந்து பார்த்தார். "ஓம், காய்ச்சல் நல்ல உயரத்திலைதான் நிக்குது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உண்மையைச் சொல்லிவிட்டேன். பரிசோதகர் ஒரு பூச்சட்டித் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். "தங்கச்சி, காய்ச்சல் பொய்தான். ஆனா இதுக்குள்ளை நெளியிற குடம்பி மெய்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் கதைக்கட்டும் என்று தள்ளிப் போனார்.

மருத்துவமாது என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பயங்களை எல்லாம் கேட்டார்.

"பிள்ளை தங்காது எண்டது சுத்தப் பொய். என்ரை மூத்தவளுக்கும் போட்டாச்சு" என்றார். "தங்கச்சி, யானை வயலுக்குள்ளை இறங்கின பிறகோ வேலி போடுறனீங்கள்? கிருமி கிட்ட வாறதுக்கு எத்தினையோ வருசம் முந்திப் போட்டாத்தான் நல்லாக் காக்கும். உங்கடை பிள்ளையைப் பற்றி இதிலை ஒரு கதையும் இல்லை. வகுப்பிலை எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும்தானே போடுறம்."

அங்கேயே கையெழுத்து வைத்தேன். அடுத்த கிளினிக் நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்டபோது கண்ணை மூடிக்கொண்டது நான்தான். திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்: "நான் பொய் சொன்னா முழங்காலிலை நிப்பாட்டுவீங்கள். உங்களை ஆர் நிப்பாட்டுறது?"

பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அதை ஒளித்து வைக்காமல், விஷயம் தெரிந்தவர்களிடம் நேரே கேட்டுவிடுகிறேன்.