துப்பறியும் அண்ணாச்சி கண்டுபிடித்த மருந்து

வாய் திறக்குமுன் ஜன்னலைச் சாத்துவார் துப்பறியும் அண்ணாச்சி. அன்று எங்கள் வீட்டிலும் சாத்தினார். கரண்டு இல்லை. மழையைக் கேள்விப்பட்டு மட்டுமே அறிந்த விருதுநகர்க் கரிசல் வெளியே வெந்தது, உள்ளே நாங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளைகளின் வில்லங்கத்தைத் தோண்டுவது அவர் தொழில். அக்காவுக்குப் பார்த்திருந்த, சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டிக்காரரை வேவு பார்க்க, இருக்கன்குடிக்குப் போகும் பக்தராக, மஞ்சள் வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போயிருந்தார். தெருமுனையிலேயே, “வாங்க அண்ணாச்சி, யாருக்கு வரன் விசாரிக்கீக?” என்று மோர் கொடுத்திருக்கிறார்கள்.

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வீட்டுக்குள்ள மருந்து இருக்கு. ‘ஏலே, மருந்த அடுப்புப் பக்கம் வைக்காதலே’ன்னு அவுக அம்மா கத்துனத என் காதால கேட்டேன்.”

அப்பா எழுந்துவிட்டார். எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் பொடி. காய்ச்சலுக்கு விழுங்குவது மாத்திரை. வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி சுற்றப்போய்த்தான் சித்தப்பா போனார். “இந்தச் சம்பந்தம் வேண்டாம்” என்றார் அப்பா. அக்காவுக்கோ அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது.

“என்ன மருந்துன்னு கேட்டீகளா, அண்ணாச்சி?” என்றாள் அக்கா.

“நம்ம ஊர்ல மருந்துல எத்தனை ரகம் இருக்கு, ஆத்தா?”

அக்கா ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் நான். நாங்கள் போகுமிடம் தெரிந்திருந்தும், அண்ணாச்சி தன் மொபெட்டில் லாரிக்கு லாரி ஒளிந்து ஒளிந்து பின்தொடர்ந்தார்.

அந்த மருந்தைப் பார்க்கணும் என்று அக்கா கேட்டதும், மாப்பிள்ளையின் அம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டியது, மூச்சிழுப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் ஒரு பம்பு. மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டார். “வெடிப்புகை ஆகாது. சத்தமும் ஆகாது. தீபாவளிக்கு ஊர்லயே இருக்க மாட்டேன்.”

“வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?” என்று அந்த அம்மா அழுதார். சிவகாசிப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிட இருண்ட ரகசியம் ஏது?

அக்கா சிரித்துவிட்டாள். “எங்க அப்பா தேடுறதே மருந்தத் தொடாத ஆளத்தான், அத்தை!”

இன்றைக்கும் தீபாவளி வந்தால் அத்தானும் அக்காவும் கொடைக்கானலில். ஆனால் அன்று கல்யாணத்தில் ஓர் ஊசிவெடிகூட வெடிக்காததில் ஊருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பந்தியிலிருந்து ஈரக்கையோடு வந்த பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், அண்ணாச்சியை ஓரங்கட்டினார்.

“என்ன வில்லங்கம்னு விசாரிச்சுச் சொல்லும்.”

“விசாரிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு மருந்து ஒத்துக்காது.”

முதலாளியின் முகம் வெளிறியது. “எங்க கம்பெனி மருந்தா?”