பத்தடி முன்னால்

எங்கள் வீட்டில் சேர்ந்து நடப்பது என்றால் அவர் முன்னால், நான் பின்னால். கல்யாணமாகி மைசூருக்கு வந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. மார்க்கெட்டோ கோயிலோ சினிமாவோ, எங்கே போனாலும் என் கணவர் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. ரப்பர் செருப்பு சப்புச் சப்பென்று அடிக்க, நான் பின்னாலேயே ஓடுவேன்.

"காலைத் தூக்கி நடக்கக் கூடாதா? ஊரே திரும்பிப் பாக்குது" என்பார். அதையும் திரும்பாமலேதான் சொல்வார்.

"ஊரு பாக்குது, நீங்க பாக்கலையே. நான் உங்க முதுகைத்தான் கட்டிக்கிட்டேன் போலிருக்கு" என்பேன்.

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு தினமும் சாயங்காலம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கப் போவோம். ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு நாளாவது இந்த மனுஷன் என் பக்கத்தில் நடக்கமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். வாய் விட்டுக் கேட்டதில்லை, வெட்கம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. வாயு என்று சொல்லிப் பெருங்காயமும் சோடாவுமாக ஓட்டினார். ஒரு நாள் சுருண்டு விழுந்துவிட்டார். குடலில் அடைப்பு, கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கௌதள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கட்டட வேலைக்காரன் இருந்தான். சின்ன வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்கும் அதே குடல் ஆபரேஷன், அதே டாக்டர். இவர் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்து, கறிக்குழம்பு கேட்டு மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். வயிற்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உலாத்துவான். "ஏனுங்கய்யா, நடந்தாத்தானுங்க காத்துப் பிரியும், எந்திரிச்சு வாங்க" என்று இவரையும் கூப்பிடுவான்.

இவர் எங்கே எழுந்திருப்பது? "சைரன் ஊதியாச்சு, டிபன் கேரியர் எங்க?" என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் என் முகத்தையே உற்றுப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழம்புவது உண்டு, தெளிந்துவிடும் என்றார்கள். தெளியவும் செய்தது. ஆனால் நெஞ்சில் சளி கட்டியது. இருமி இருமித் தையலின் கீழ்முனை பிரிந்துகொண்டது.

டாக்டர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அவரிடம் சண்டைக்கே போனேன். "அந்தத் தம்பி நாளைக்கு வீட்டுக்குப் போறான். இவருக்கு மட்டும் ஏன் இப்படி?"

"கத்தியும் நூலும் ஒண்ணுதாம்மா, வயசு ஒண்ணா? இவருக்கு நிதானமாத்தான் ஆறும். பழைய ஆளா வர்றதுக்கு எஷ்டு நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. நடக்க வையுங்க, நடந்தா நல்லது" என்றார்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். சட்டை தோளிலிருந்து வழிந்தது. இதையெல்லாம்விட எனக்குப் பயமாக இருந்தது அவர் காட்டிய மரியாதை. தண்ணீர் கொடுத்தால், "உனக்குத்தான் சிரமம்" என்பார். காபியில் சர்க்கரை குறைந்தால் வீட்டை ரெண்டாக்குகிற மனுஷன்! "ஒரு தரம் திட்டித்தான் தொலையுங்களேன்" என்றேன். சிரிக்கப் பார்த்தார். காயம் வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுபடி காட்டப் போனபோது ஆஸ்பத்திரியில் அந்தக் கௌதள்ளிக்காரனைப் பார்த்தோம். கொள்ளேகாலில் பஸ் மாறி, நின்றுகொண்டே வந்தானாம். மூட்டை தூக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லி டாக்டரிடம் வசவு வாங்கினான். இவரைப் பார்த்ததும், "ஐயாவுக்கு இன்னும் ஆறலீங்களா?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்து முகம் சுருங்கிப்போயிற்று.

ஆட்டோவில் வரும்போது இவர், "நல்ல பையன். அந்த வயசுல எனக்கும் ஒர்க்‌ஷாப்புல கை முறிஞ்சுது. எப்ப கூடுச்சுன்னே தெரியல" என்றார். அப்புறம் வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் காயம் ஒருவழியாக மூடியது. ஏரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். முதலில் வாசலுக்குப் பக்கத்து பெஞ்சு வரைக்கும், பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. என் பக்கத்திலேயே நடந்தார். அவரால் முடிந்த வேகம் அவ்வளவுதான். எதிரே வந்த ஒரு கன்னட அம்மாள், "ஜோடி சென்னாகிதே" என்று எங்கள் பொருத்தத்தை மெச்சிவிட்டுப் போனாள்.

முப்பது வருஷமாக ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது. எனக்கு அந்த முதுகு வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திமிராக, என்னை ஓடவைத்துக்கொண்டு போகிற முதுகு. அதை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், இவர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று நிம்மதியாகிவிடுவேன்.

அந்த ஆசையில் ஒரு நாள் செருப்பு வார் கழன்றுவிட்டது போலக் குனிந்து நின்றேன். அவர் கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தார். பத்தடி ஆனதும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்த தோளும், உள்ளே ஆளே இல்லாதது போல ஆடுகிற சட்டையும்தான் தெரிந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அவர் நின்றார். நின்று, திரும்பினார். அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததே இல்லை. முகத்தில் பயம் இருந்தது.

"எங்க போயிட்டே? சத்தத்தையே காணோம்!"

"என்ன சத்தம்?"

"உன் செருப்புச் சத்தம்தான்."

"அதைத்தானே இத்தனை வருஷமாத் திட்டினீங்க?"

"திட்டினேன். அதைக் கேட்டுக்கிட்டுதானே நடந்தேன்? இல்லாட்டி திரும்பிப் பாக்காம எப்படிப் போவேன்?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இனிமே எனக்குப் பழைய நடை வராதுன்னு தோணுது. எனக்காக நீ நிக்காதே, முன்னாடி போ. சத்தம் கேட்டாப் போதும், நான் வந்துடுவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் அவர் செருப்பு மண்ணில் தேய்கிற ஓசை கேட்டது. அது நிற்கும்போது நானும் நின்றேன்.

பழைய நடை வரவேயில்லை. அவருக்கு மீதியிருந்த சில வருஷங்களும் அப்படித்தான் நடந்தோம், நான் முன்னால், அவர் பின்னால்.

இப்போதும் சாயங்காலம் ஏரிக்குப் போகிறேன். முழங்காலுக்கு நல்லது, சத்தமே வராது என்று மகள் மெத்தென்று ஒரு ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அது பெட்டியிலேயே இருக்கிறது. நான் ரப்பர் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன், காலைத் தூக்காமல்.