டிவியில் தெரிந்த கண்

விமானப் பணிப்பெண் வேலைக்கு என் மகள் எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டாள். மெடிக்கல் மட்டும் பாக்கி, அதற்கு நாற்பது நாள் இருந்தது. கண்ணாடி கூடாது. லென்ஸ் போட்டுப் பார்த்தாள். சின்னக் கண், எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் உள்ளே போகவில்லை. அதனால்தான் கிழக்குத் தாம்பரத்தில் லேசர் செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் கருவிழி நல்ல கனம், லேசர் தாங்கும் என்றார்கள். டாக்டர் மட்டும், "கண்ணு கொஞ்சம் சின்னது, பாத்துக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாவதோடு நின்றவள் நான். யாரிடம் என்ன கேட்பது? பழக்கினால் கண் விரியும் என்று நானாக முடிவு கட்டினேன். ஆபரேஷனுக்கு இருந்த பத்து நாளும் சாயங்காலம் தையல் மெஷினை மூடிவிட்டு அவளைப் படுக்க வைத்து, இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்து நூறு எண்ணினேன். "விடும்மா, எரியுது" என்பாள். விடமாட்டேன். கடைசியில் என் விரல் கிட்டே வந்தாலே இறுக மூடிக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். உள்ளே நடப்பதை வெளியே டிவியில் காட்டுவது அங்கே வழக்கம். திரை நிறைய ஒரே ஒரு கண். அது என் கண்ணேதான்: குழிக்குள் கிடக்கிற சின்னக் கண், மேலே துருத்திய புருவ எலும்பு. அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லும்போதெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இமைக்குக் கம்பி மாட்டி, ஒரு வளையத்தை இறக்கினார்கள். அது கண்ணைக் கவ்விப் பிடித்தால்தான் லேசர் அடிக்க முடியுமாம். புருவத்தில் இடித்தது. மூக்கு மறைக்காமல் இருக்கத் தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாயைத் தூக்கினார்கள். ஒட்டியது. இமை நெரித்தது. கழன்றது. மறுபடியும், மறுபடியும். வெளியே நான் என் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னவோ அதனால் அவளுக்கு ஆகப்போகிறது போல.

டிவியை அணைத்துவிட்டார்கள்.

டாக்டர் வந்து, வளையம் நிற்கவில்லை, லேசர் அடிக்கவேயில்லை, கண்ணுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்றார். இமையைப் பிரித்த கதையைச் சொல்லிவிட்டேன்.

"என்னாலதானா சார்?"

"நெரிக்கிறதுக்கு அது காரணமா இருக்கலாம்மா. எலும்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நானே ஒண்ணும் பண்ண முடியாது."

வளையம் இல்லாமல், கருவிழியின் மேல்தோலை எடுத்துவிட்டுச் செய்கிற முறை ஒன்று இருந்தது. ஆனால் பார்வை தெளிய ஒரு மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. மெடிக்கலுக்கு இருந்ததோ முப்பது நாள். மகள் என்னைப் பார்க்காமலே அதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

அதைச் செய்து இன்றோடு பதினேழு நாள். சொட்டு மருந்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. நிலைக்கண்ணாடி முன்னால் நின்று அவளே விட்டுக்கொள்கிறாள். காலையில் வாசலில் நின்று எதிர் மருந்துக்கடை போர்டைப் படிக்கிறாள். பெரிய எழுத்து வருகிறது, கீழ் வரி வரவில்லை. நான் உள்ளே மெஷினில் உட்கார்ந்து, அந்தக் கீழ் வரியை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.