ஓரமாகத் தள்ளிவிட்ட கல்

சென்ற ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டிய ஓரிடத்தில் இது நடந்தது. என் வீடு பொன்னேரியில். வேலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் பாதுகாப்புப் பிரிவில். ஆலைக்குள் யாருக்காவது அடிபட்டால், எப்படி நடந்தது என்று விசாரிப்பது என் பொறுப்பு. காலையில் என் சிறிய காரில் தனியாகப் போவேன்.

அன்று எனக்கு முன்னால், இடது ஓரமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கியது. திடீரென்று அவர் வலப்பக்கமாக என் குறுக்கே வண்டியை ஒடித்தார். நான் ஹாரன் அடித்து, பிரேக்கை மிதித்து, இன்னும் வலப்பக்கம் விலகினேன். இடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். இடிக்கவில்லை. கடந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். அவர் விழாமல், மறுபடியும் இடது ஓரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்து விரட்டியது. பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

மதியம் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனதாகப் புகார். கால் எலும்பு முறிந்து அவர் பொன்னேரி அரசு மருத்துவமனையில் இருக்கிறார். என் வண்டி எண்ணை ஒருவர் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

மாலையில் காரோடு நிலையத்துக்குப் போனேன். வாசலில் அடிபட்டவரின் மனைவி நின்றிருந்தார். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர் என்பது தெரிந்தது. காலில் வீட்டுச் செருப்பு, கையில் அதே சாப்பாட்டுப் பை.

“ஏம்மா, நாயி அடிபட்டாகூட நின்னு பாப்பாங்களே! எம் புருசன் ரோட்ல கெடந்தாரு, நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்கியே?”

இடிக்கவில்லை என்றேன். காரைச் சுற்றி வந்து காட்டினேன். எங்கும் ஒரு கீறல் இல்லை.

“எப்டி இருக்கும்? காலீலயிருந்து சாயங்காலம் வரைக்கும் தொடச்சிருப்ப.”

உதவி ஆய்வாளர் நிதானமாகத்தான் பேசினார். “மேடம், சாட்சி இருக்குது. கேஸு, கோர்ட்டு, லைசென்ஸுன்னு எதுக்கு பேஜாரு? ஒத்துக்கினு, அந்தம்மாகிட்ட பேசி முடிச்சிக்குங்க.” முடியாது என்றேன். ஆய்வு முடியும்வரை வண்டி இங்கேதான் நிற்கும் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆலையில் காலைப் பாதுகாப்பு வகுப்பு. சேதி அதற்குள் அங்கே பரவியிருந்தது. தலைக்கவசம் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “அடிச்சா நிக்கணும்னு மொதல்ல சொல்லிக் குடுங்க மேடம்.” யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அந்த ஆட்கள் முன் நின்று என்னால் இனி எதையும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

அந்த மோட்டார் சைக்கிள்காரர் ஏன் என் குறுக்கே ஒடித்தார்? இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அடுத்த நாள் பேருந்தில் போய் அதே இடத்தில் இறங்கினேன். எதிரே ஒரு பஞ்சர் கடை. என் எண்ணைக் குறித்துக் கொடுத்தவரே அதன் உரிமையாளர். நான் யாரென்று சொன்னதும் டியூபிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “நான் பாத்ததத்தான் சொன்னேன் மேடம். மாத்திச் சொல்ல மாட்டேன்.”

மாற்றச் சொல்லி வரவில்லை என்றேன். இடத்தைப் பார்த்தேன். தார்ச்சாலை சுத்தமாக இருந்தது. ஓரத்துப் பள்ளத்தில் வாடிய வேப்பந்தழை ஒரு கட்டும், பெரிய கற்கள் சிலவும் கிடந்தன. ஒரு கல்லின் விளிம்பில் கறுப்பாக டயர் உரசிய தடம் இருந்தது. பக்கத்தில் கல் புதிதாகச் சில்லு பெயர்ந்து வெளுத்திருந்தது.

எங்கள் சாலையில் லாரி பழுதாகி நின்றால், பின்னால் வரும் வண்டிகள் மோதிவிடக்கூடாதென்று வரிசையாகக் கல் வைத்து, மேலே தழை ஒடித்துப் போடுவார்கள். பழுது சரியானதும் லாரி போய்விடும். கல் நடுவழியில் கிடக்கும்.

இங்கே லாரி ஏதாவது நின்றதா என்று கேட்டேன்.

“ஆமா, எளாவூர் செக்போஸ்ட் பக்கமாப் போய்க்கினு இருந்த ஆந்திரா வண்டி. ஆக்சில் போயி நின்னுக்கினு இருந்துச்சு. அன்னிக்கு விடியறதுக்குள்ள கெளம்பிட்டான்.”

“இந்தக் கல்லெல்லாம் அவர் விழுந்தப்பவே இங்க பள்ளத்துலதான் கெடந்துச்சா?”

“இல்ல, ரோட்லதான் கெடந்துச்சு. அவரத் தூக்கி ஆட்டோல ஏத்தறப்ப காலு இடறுதேன்னு நாந்தான் ஓரமாத் தள்ளி...”

பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, கற்களைப் பார்த்தார். டியூபைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்தார்.

“சத்தம் கேட்டுச்சு மேடம். திரும்பினேன். ஆளு வுழுந்து கெடந்தாரு, உங்க காரு போய்க்கினு இருந்துச்சு.” தடத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு, “இடிச்சத நான் பாக்கல,” என்றார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் வண்டியிலேயே என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மனைவி என்னைக் கண்டதும் சண்டைக்கு எழுந்தார். பஞ்சர் கடைக்காரர் குறுக்கே புகுந்து, “இரும்மா, ஒரே ஒரு வார்த்த கேட்டுக்கறேன்,” என்று படுத்திருந்தவரிடம் குனிந்தார். “அண்ணே, அன்னிக்கு இன்னாதான் நடந்துச்சு?”

அவர் மெதுவாகச் சொன்னார். “ரோட்ல தழ கெடந்துச்சு. வண்டிய ஒடிச்சேன். காரு ஆரன் அடிச்சிக்கினு போச்சு. பயந்து இந்தாண்ட திருப்பனேன். இன்னொரு கல்லு இருந்துருக்குது, ஏறிடுச்சு.”

“காரு இடிக்கலியா?”

“அது எங்க இடிச்சிச்சு?”

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “இத்த மொதல்லியே சொல்லக்கூடாதா நீ?”

“யாரு கேட்டாங்க? எந்த வண்டி, எந்த வண்டின்னு கேட்டாங்க. காருன்னேன்.”

அன்று மாலையே அந்தப் பெண் நிலையத்துக்கு வந்து புகாரைத் திரும்பப் பெற்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வெளியே வந்தபோது, “நீ எப்டிப் போவ, வண்டி குடுத்துட்டாங்களா?” என்று மட்டும் விசாரித்தார்.

யாரும் மோதிவிடக்கூடாதென்று கல் வைத்தவர் அந்த லாரி ஓட்டுநர். இடித்தவர் தப்பிவிடக்கூடாதென்று எண்ணைக் குறித்தவர் பஞ்சர் கடைக்காரர். கணவனுக்காக ஓடி வந்தவர் அந்தப் பெண். மூவரிடமும் எனக்குக் கோபம் வரவில்லை. கட்டிலில் கிடந்தவரை நினைக்கும்போதுதான் உறுத்துகிறது. நான் இடிக்கவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, விபத்துகளை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நானும் அவரிடம் போய் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. இப்போதும் வழியில் தழையும் கல்லும் கிடந்தால் காரை நிறுத்தி இறங்குகிறேன், ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நிமிரும்போது, “யாரு கேட்டாங்க?” என்ற அந்தக் குரல் என்னைத்தான் கேட்கிறது.