பூவாடைக்காரியின் புடவை

அந்த வருடம் டிவியில் அந்தமான் கைதிகளைப் பற்றி ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. அதில் கப்பலேற்றப்பட்டவர்களில் ஒருவர்கூடத் திருடியதில்லை, யாரையும் வெட்டியதில்லை. அத்தனை பேரும் வெள்ளைக்காரனை எதிர்த்தவர்கள். அத்தனை பேருக்கும் கணீரென்ற குரல் வேறு. அதுவரை தன் தாத்தாவைப் பற்றி வாயே திறக்காத அப்பா, அவரும் அந்தமான் போனவர்தான் என்று முதலில் மின்ரயில் சிநேகிதர்களிடம் சொன்னார். வாரம் திரும்புவதற்குள் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நகர் முழுக்க நாங்கள் தியாகி குடும்பமாகிவிட்டோம். சுதந்திர தினத்துக்கு நலச்சங்கத்தார் நாடகம் கேட்டார்கள். அப்பா ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையன் கைதி. ஒன்பது வயதான நான், அவனுக்குத் திலகமிட்டு வழியனுப்பும் மனைவி.

அப்போது அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு பையோடு வந்தவள், கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் மூடியபடியே நடமாடினாள். மாமா அடிப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விழா முடிந்ததும் அவரே வந்து அழைத்துப்போவதாக அப்பா பேசி முடித்திருந்தார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வேஷத்துக்குப் பழைய மாதிரிப் புடவை தேடி, அம்மா பரண்மேல் இருந்த பூவாடைக்காரி பெட்டியைத் திறந்தாள். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், பொட்டும் பூவுமாக இறந்துபோன ஒரு மூத்தவளுக்கு முதலில் புடவை வைத்துப் படைப்போம். பிறகு அதை அந்த மூங்கில் பெட்டியில் மடித்து வைத்துவிட்டால் அடுத்த படையல்வரை யாரும் தொடக்கூடாது. அந்த மூத்தவள் யார் என்று வாழவந்த அம்மாவுக்கு யாரும் சொன்னதில்லை. "வீட்டுப் பொண்ணு கட்டினா சாமி கோச்சுக்காது" என்று எனக்குச் சுற்றி ஊக்குக் குத்திவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் எனக்குப் பூ வைக்க வந்த அத்தை, புடவையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, இது பூவாடைக்காரி புடவை. பொண்டாட்டின்னும் பாக்காம அவளை வெட்டிட்டுத்தானே தாத்தா கப்பலேறினாரு? இப்ப அவளே வந்து அந்த ஆளுக்குப் பொட்டு வைக்கணுமா?"

"மெதுவாப் பேசு, மைக் ஆன்ல இருக்கு" என்றார் அப்பா. "இப்ப அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சீரியல் பாத்துட்டு எல்லாரும் எப்படி மதிக்கிறாங்க, பாக்கிறல்ல?"

"அடி தாங்காம ஓடி வந்தவளை, அவ அண்ணன்தான் திரும்பக் கொண்டுபோய் விட்டான். அதையும் நாடகத்துல எழுதேன்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் போனார்.

 என் உடம்பில் கிடந்த புடவையை உருவி எறியலாம் என்றால் எங்கு பார்த்தாலும் ஊக்கு. அதற்குள் திரை விலகியது. நாய்ச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன் நின்றான். தினமும் என்னோடு சைக்கிள் ஓட்டுகிறவன்தான். ஆனாலும் அன்று அவன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. 'நீங்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பேன்' என்பது என் வசனம். அவன் ஓரடி எடுத்து வைத்தான். நான் குங்குமத் தட்டைப் போட்டுவிட்டு வீறிட்டுக்கொண்டு ஓடினேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் கைதட்டியது.

அத்தை என்னை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மாமா பைக்கை நிறுத்திவிட்டு அப்பாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சும்மா, கிளம்பு" என்று அப்பா கூப்பிட்டார்.

அத்தை அசையவில்லை. நான் பயந்து அழுவதால்தான் அவளால் என்னை விட்டுப் போக முடியவில்லை என்று நினைத்தேன். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பயம் போயிடுச்சு, நீ போ அத்தை" என்று சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்துவிட்டேன்.