இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்

அந்த வாரத்துக்கான நாற்காலிப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது துபாயிலிருந்து அழைப்பு வந்தது. திருநெல்வேலியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், பகலில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கான பிரிவுக்கு நான் பொறுப்பு நர்ஸ். யாருக்கு எந்த நாள், எந்த நாற்காலி என்பதைப் பென்சிலால்தான் எழுதுவேன். பேனாவால் எழுதினால் அடிக்க வேண்டியிருக்கும். அடிப்பது எனக்குப் பிடிக்காது. ஐந்தாம் எண்ணுக்கு நேரே மைதீன் பிச்சை என்று எழுதி முடித்திருந்தேன்.

“சிஸ்டர், வாப்பா மௌத்தாயிட்டாவ” என்றார் அவருடைய மகன். “சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாவளாம். பெறவு எந்திரிக்கல. மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு சொல்லியிருந்தாவ.” நான் “சரி தம்பி” என்றேன். பிறகு வெகுநேரம் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அது மேசையில்தான் இருந்தது.

குறுக்குத்துறை ஆற்றில் தினமும் காலையில் அவரோடு குளித்த நண்பர்களாகிய உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். துக்கத்தன்று மேலப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “இம்புட்டுப் பெரிய சீக்க வச்சுக்கிட்டு நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே வே!” உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு ஜன்னல் வழியாக அது கேட்டது. திருவனந்தபுரத்தில் இறங்கி ஓடிவந்த மகன் சொல்லித்தான் உங்களுக்கு நோயின் பெயரே தெரிந்தது. வயிற்றுப்புண் என்றுதான் உங்களிடம் சொல்லியிருந்தார். கடைசி மாதங்களில் தண்ணீரில் இறங்காமல், தலையில் தொப்பியோடு படியில் உட்கார்ந்திருந்தாராமே. “பாய்க்கு வயசானதும் பக்தி முத்திட்டு” என்று நீங்கள் கேலி செய்ததை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து வந்து சொல்லத் தைரியம் வரவில்லை.

மைதீன் பாய் எங்கள் மருத்துவமனையின் உட்புற வடிவமைப்பு வேலைகளைச் செய்ய வந்தபோது அவருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. அதுவரை ஜவுளிக்கடைகளும் கல்யாண மண்டபங்களும் செய்தவர். இவருக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் அளவு டேப்பைக்கூட எடுக்கவில்லை. ஆறு நாள் நோயாளிகளோடு காத்திருக்கும் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் மருந்து ஏற்றும் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்துவிட்டார். “மேல பாருங்க சிஸ்டர். டியூப்லைட்டு கண்ணுக்கு நேரா குத்துது. கடையில சரக்கு மேல வெளிச்சம் அடிப்போம். இங்கன ஆளு மேல அடிக்கப்படாது” என்றார். விளக்குகளெல்லாம் சுவர் ஓரத்துக்குப் போயின. அதன்பிறகு அவரை உட்காரச் சொல்லி டீ கொடுக்கத் தொடங்கினேன்.

அந்த ஆறு நாளில் அவர் வேறொன்றையும் கண்டுபிடித்திருந்தார். எங்கள் வாசலில் நிற்கும் பஸ்ஸிலிருந்து எங்கள் நோயாளிகள் யாரும் இறங்குவதில்லை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து வருகிறார்கள். சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு அம்மா, தெரிந்தவர் எதிரே வந்தால் பக்கத்துப் பல் டாக்டர் வீட்டுக்குள் நுழைந்துவிடுவாராம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும். “சீக்குக்காரன் மொதல்ல தேடுறது மருந்து இல்ல சிஸ்டர். மறைவு” என்றார் பாய். சந்துப் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி டோக்கன் கொண்டுவந்தார். நாற்காலிகளுக்கு நடுவே ஆறடி உயரத்துக்குப் பலகைத் தடுப்பு வைக்க வேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றார்.

அங்கேதான் சண்டை. மருந்து ஏறும்போது சிலருக்கு முகம் சிவக்கும், குளிர் நடுக்கம் வரும். நான் மேசையிலிருந்து எல்லா முகத்தையும் பார்க்க வேண்டும். “ஒருத்தருக்கு நடுக்கம் வந்தா உங்க பலகையா வந்து என்கிட்ட சொல்லும்?” என்று கேட்டேன். மறுநாள் பாய் சுப்பையா ஆசாரியைக் கூட்டிக்கொண்டு ஒரு பலகையோடு வந்தார். என்னை நிற்கவைத்து, தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆசாரியைப் பலகையை ஏற்றவும் இறக்கவும் சொன்னார். “பைய, பைய. அங்கனயே நிறுத்தும்.” நான்கேகால் அடி. சாய்ந்திருப்பவருக்குப் பக்கத்து ஆள் தெரியாது; நின்றால் எனக்கு எல்லோரும் தெரிவார்கள். அந்த அளவைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கும் பெருமைதான்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலை அந்தச் சந்துக் கதவு வழியாக வந்து நின்றார். “என்ன பாய், கதவு கிறீச்சுங்குதா?” என்று கேட்டேன். கையிலிருந்த ஃபைலை நீட்டினார். “இன்னைக்கு வேலைக்கு வரல சிஸ்டர். நாற்காலியில இருக்க வந்திருக்கேன்.” மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது, மகனுக்கும் அப்போது சொல்லவில்லை. ஆற்றங்கரை நண்பர்களுக்காவது சொல்லலாமே என்றேன். “அவங்களுக்குத்தான் தெரியவே கூடாது. பரிதாபமா பாக்க ஆரம்பிச்சிட்டா நான் எங்கன போயி குளிக்க?” என்றார். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். உங்களை நம்பாமல் அல்ல, உங்களிடம் பழைய ஆளாகவே இருக்க வேண்டும் என்றுதான் மறைத்தார்.

இரண்டாவது முறை மருந்து ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். “அளவு தப்பிப் போச்சு. பத்து நிமிசம் சாஞ்சு பாத்துட்டு வச்ச அளவு இது. நாலு மணி நேரம் இருந்து பாக்கல. பலகையத் தவிர ஒண்ணும் தெரியல சிஸ்டர். கபுருக்குள்ள பொதைச்ச மாதிரி இருக்கு.” நான் தடுப்புக்கு மேலே குனிந்து கேட்டுக்கொண்டு, “இதோ வாரேன் பாய்” என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு பேரை நான் ஒருத்தி பார்க்க வேண்டும். உண்மைதான். ஆனாலும் அவர் வந்த அத்தனை மாதங்களிலும் நான் அவரை நின்றபடியேதான் பார்த்திருக்கிறேன்.

இனி எழுதப்போவது என் மனதை அறுத்துக்கொண்டிருக்கும் விஷயம். கொஞ்ச நாளில் உங்களில் ஒருவர் அதே சந்துக் கதவு வழியாக வந்தார். அவரும் யாருக்கும் தெரியக் கூடாது என்றார். நான் இருவரிடமும் வாக்குக் கொடுத்தவள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சுவிட முடியாது. ஆனால் நாற்காலிப் பட்டியல் என் கையில் இருந்தது. இருவருக்கும் ஒரே நாளை எழுதினேன். ஒருவருக்கு ஐந்து, மற்றவருக்கு ஆறு. தற்செயலாக அமைந்தது என்று நான் சொன்னால் அது பொய்.

தடுப்புக்கு அடியில் தரை துடைப்பதற்காக ஒரு சாண் இடைவெளி உண்டு. அன்றைக்குப் பாய் மருந்துப் பை தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்குப் போகிற வழியில் என் மேசைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “ஆறுல இருக்கது யாருன்னு தெரிஞ்சு போச்சு சிஸ்டர். இருபது வருசமா படித்துறையில என் செருப்புக்குப் பக்கத்துல கெடக்க செருப்பு.” அது எப்படிப்பட்ட செருப்பு என்று நான் எழுதப்போவதில்லை. கூப்பிடுங்களேன் பாய் என்றேன். “அவன் மறைக்கணும்னு நெனைக்கான். இந்த எடத்த மறைக்கதுக்குன்னே கட்டுனவன் நான். நானே எட்டிப் பாத்தா எப்படி?” என்றார். திரும்பிப் போய்த் தன் செருப்பை நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். இரண்டு நண்பர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு மணி நேரம் தனித்தனியாகப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் ஆசாரியோடு வந்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, முகம் உயரத்தில், ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். இரண்டு பக்கமும் தனித்தனிக் கதவு, தனித்தனித் தாழ்ப்பாள். ஒருவர் மட்டும் திறந்தால் எதிர்ப்பக்கக் கதவின் முதுகுதான் தெரியும். இருவரும் திறந்தால்தான் முகம். “ரெண்டு பக்கமும் தாப்பா வச்ச சன்னல எங்கயும் பாத்ததில்ல பாய்” என்றார் ஆசாரி. “ஒருத்தரு மட்டும் தெறந்தா அது திருட்டு வே” என்றார் இவர். மற்ற நாட்களில் அங்கே உட்கார்ந்தவர்கள் அதை உடனே கண்டுகொண்டார்கள். திசையன்விளைக்காரி ஒருத்தியும் சீவலப்பேரிக்காரி ஒருத்தியும் முதல் நாளே திறந்து, மதியத்துக்குள் மருமகள்களைக் குறை சொல்லி முடித்துவிட்டார்கள். இதைச் சொன்னபோது பாய் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

தன்னுடைய நாளில் வந்ததும் தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தார். ஆறாம் நாற்காலிக்காரர் என்னிடம், “இது என்ன சிஸ்டர், அலமாரியா?” என்று கேட்டார். “ஜன்னல். அந்தப் பக்கம் திறந்துதான் இருக்கு. நீங்களும் திறந்தா முகம் தெரியும்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “வேண்டாம். தெரிஞ்ச ஆளா இருந்துட்டா?” என்று போர்வையை இழுத்துக்கொண்டார். ஐந்தாம் நாற்காலியில் பாய்க்கு அது கேட்டது. என்னைப் பார்த்து, விடுங்கள் என்பது போலக் கையைக் காட்டினார். அதன்பிறகு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் திறந்து வைத்துவிட்டு, மூடிய அந்தக் கதவைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நான் அதிகம் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் போகும்போது, “நான் போனப்பெறவு சொல்லலாம் சிஸ்டர். என்னப் பத்தி மட்டும்” என்றார். அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த இன்னொருவர் யார் என்று நீங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொன்ன பிறகும் அவரோடு பழையபடியே குளியுங்கள்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ஐந்தாம் நாற்காலிப் பக்கத்தில் அவர் திறந்துவிட்டுப் போன அந்தத் தாழ்ப்பாள்தான். துடைக்க வருகிறவர்களிடம் அந்தக் கதவைச் சாத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி உங்களில் அந்த ஒருவருக்கு மட்டும்: பட்டியலில் உங்கள் நாளில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே யார் பெயரையும் எழுதவில்லை. மற்ற நாற்காலிகளை அன்றைக்கு இன்னொரு நர்ஸ் பார்த்துக்கொள்வார். அடுத்த முறை வரும்போது உங்கள் பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். அவர் இருக்க மாட்டார். நான் உட்கார்ந்திருப்பேன்.